பிரித்துத் தைக்கும் முன்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே சென்றால் வானகரம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஊரின் பெயரைப் பலகையில் தேட வேண்டியதில்லை. மீன் மார்க்கெட்டுக்கு வந்த வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதிலிருந்தும், காற்றிலே மிதந்து வரும் வாசனையிலிருந்தும் தாமாகவே தெரிந்துகொள்ளலாம். அந்த ஊரில் ஒரு சந்தில், பழைய தையல் மெஷின் ஒன்றை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நமக்கு நெடுநாளையச் சிநேகிதர். அவர் தைக்கும் சட்டைகளின் குறைகளை நாம் அறிவோம். நம்முடைய உடம்பின் குறைகளை அவர் அறிவார். அப்படிப்பட்ட சிநேகம்.

சென்ற ஆடி மாதம் நாம் அங்கே போயிருந்தபோது, கொடுத்த துணியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, அளவு நாடாவைக் கையில் சுற்றியபடி அவர் பேசாமல் இருந்தார். விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று.

அவருடைய பேரனுக்கு நாலு வயது. பிறந்தவுடன் அழவில்லை; மூச்சு வரத் தாமதமாகி மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. வாயால் விழுங்குவது அபாயம் என்பதனால், வயிற்றில் சிறு துவாரம் செய்து அதில் பொருத்திய குழாய் வழியாகப் பாலும் கஞ்சியும் கொடுக்கிறார்கள். கொடுத்த பால் மேலே எழும்பி மூச்சுக் குழலுக்குள் போய்விடாமலிருப்பதற்காக, இரண்டு வயதில் ஒரு ரண சிகிச்சையும் நடந்தது. ஒரு வருஷம் நிம்மதியாகச் சென்றது. பிறகு பழைய கதை தொடங்கிற்று: இரவில் இருமல், ஓங்கரிப்பு, வாயோரத்தில் பால். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா. "திரும்பவும் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கென்ன? தைச்சது பிரிஞ்சு போச்சுன்னா திரும்பத் தைக்கிறதுதானே?" என்று உள்ளேயிருந்து பாட்டியம்மாள் குரல் கொடுத்தார்.

பெரியவர் தலையை அசைத்தார். "புதுத் துணி தைக்கிறது வேறே, பிரிச்சுத் தைக்கிறது வேறே, ஸார். பழைய ஊசி ஓட்டை அப்படியே நிக்கும். உள்ளே துணி விட்டிருந்தா பிழைச்சோம். இல்லேன்னா எத்தனை தடவை தைச்சாலும் அதே இடத்திலேதான் விடும். எதனாலே பிரிஞ்சுதுன்னு பார்க்காமே நான் ஊசியைத் தொடவே மாட்டேன். ஆனா இது துணியில்லையே, பிள்ளையாச்சே! நீங்க நாலு பேரை விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு சில வாரங்கள் டாக்டர் நண்பர்களைக் கேட்டும், வைத்திய ஏடுகளைப் புரட்டியும் நாம் அறிந்துகொண்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வானகரத்துத் தையற்காரர் சொன்னதற்கு அது விரிவுரை என்றே சொல்ல வேண்டும். இதே கவலையோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்குமாதலால், அந்த விரிவுரையை இங்கே எழுதிவிடுகிறோம்.

* * *

"கக்குகிற பிள்ளை தக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையே. உணவுக் குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல் இருக்கும் உதரவிதானம் அந்த இடத்தை இடுக்கிப் பிடித்து அதற்குத் துணை செய்கிறது. கைக்குழந்தைகளுக்கு இந்தக் காவல் இன்னும் பழகவில்லை. அவர்கள் உண்பதோ பால், இருப்பதோ படுக்கை. பால் மேலே வருவதில் ஆச்சரியம் என்ன? அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு தடவையாவது கக்குவதாகவும், நாலாவது மாதத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக உயர்வதாகவும், வயது ஒன்றை நெருங்கும்போது நூற்றுக்கு 5 ஆகக் குறைந்துவிடுவதாகவும் கண்டார்கள். கக்கினாலும் எடை ஏறி, சிரித்து விளையாடுகிற குழந்தைக்கு மருந்தே வேண்டியதில்லை. கத்தியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் எடை ஏறாத குழந்தை, கக்கும்போது நீலம் பாய்கிற குழந்தை, வாந்தியில் இரத்தம் காட்டுகிற குழந்தை, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுகிற குழந்தை இவர்களுக்கு அந்தப் பழமொழி போதாது. டாக்டர் பார்க்க வேண்டும். கைக்குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தாலோ அதை எதுக்களிப்பு என்று எண்ணவே கூடாது. குடல் அடைபட்டிருக்கலாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளும், பிறவியிலேயே உணவுக் குழாய் அறுபட்டிருந்து பிறந்த சில நாட்களில் அதை இணைத்துக்கொண்ட குழந்தைகளும், இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்தின் துவாரத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருக்கும் குழந்தைகளும் தனி ரகம். இவர்களுடைய எதுக்களிப்பு வயது ஏறினால் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க முடிவதில்லை. மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அமிலத்தைக் குறைத்து எரிச்சலைத் தணிக்குமே தவிர, பால் மேலே வருவதைத் தடுப்பதில்லை. எல்லா முயற்சியும் பலிக்காதபோதுதான் ரண சிகிச்சையின் முறை வருகிறது.

* * *

இந்தச் சிகிச்சையைக் கண்டவர் ருடால்ப் நிஸ்ஸென் என்ற ஜெர்மானியர். யூத வம்சத்தவராதலால் 1933-ல் தாய்நாட்டைத் துறந்து, துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் பேராசிரியரானார். பிறகு அமெரிக்கா சென்றார். 1948-ல் ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் ரண சிகிச்சை செய்தவர் இவரேதான். இஸ்தான்புல்லில் இருந்த நாட்களில் ஒரு நோயாளியின் உணவுக் குழாயில் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை இரைப்பையோடு இணைக்க நேர்ந்தது. இணைப்பு பிரிந்துவிடாமல் இருக்க, இரைப்பையின் மேற்பகுதியை எடுத்து அதைச் சுற்றிப் போர்த்தி வைத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு பார்த்தால், அந்த மனிதருக்கு நெஞ்செரிச்சல் என்பதே இல்லை! பாதுகாப்புக்குப் போட்ட போர்வையே வைத்தியமாகிவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகரில் 1955-ல் எதுக்களிப்புக்கென்றே அதைச் செய்து, மறு வருஷம் உலகத்துக்கு அறிவித்தார்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இரைப்பையின் மேல் மடிப்பை உணவுக் குழாயின் அடியில் சுற்றித் தைக்கிறார்கள். சிலர் முழுச் சுற்றாகவும், சிலர் அரைச் சுற்று முக்கால் சுற்றாகவும் செய்வதுண்டு. உதரவிதானத்தின் துவாரம் அகன்றிருந்தால் அதையும் தைத்துச் சிறிதாக்குகிறார்கள். இரைப்பை நிரம்பி அழுத்தும்போது அந்தச் சுற்றும் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். முன்பு வயிற்றைத் திறந்து செய்ததை, 1990-களிலிருந்து சிறு துவாரங்களின் வழியாகவே செய்து வருகிறார்கள்.

இனி, இது எப்படித் தோற்றுப்போகிறது என்று பார்ப்போம். சுற்று தளர்ந்து பிரியலாம். பிரியாமலே, முழுச் சுற்றோடு துவாரத்தின் வழியாக மார்புக்குள் ஏறிவிடலாம். உணவுக் குழாயை விட்டு நழுவி இரைப்பையின் மேலேயே இறங்கலாம். அளவுக்கு மீறி இறுகி, விழுங்குவதையே தடுக்கலாம். நாலும் நாலு விதமான தோல்விகள். நாலுக்கும் ஒரே பரிகாரம் இல்லை.

தோல்வியை அழைத்துவரும் முக்கியமான குற்றவாளி ஓங்கரிப்பு. ஒவ்வொரு ஓங்கரிப்பும் உள்ளேயிருந்து தையலைப் பிடித்து இழுக்கிற இழுப்பு. ஓயாத இருமலும் அப்படியே. மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டும் அதிகம். ஆகையால் மறு சிகிச்சைக்கு வரும் குழந்தைகளில் அவர்களே அதிகமாக இருக்கிறார்கள். அதற்காகக் குழந்தையையோ தாயையோ குறை சொல்லிப் பயனில்லை.

குற்றம் எல்லாம் குழந்தையின் உடம்பில்தான் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 177 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கட்சியாகப் பிரித்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஒரு கட்சிக்கு, உணவுக் குழாயை உதரவிதானத்தோடு பிணைத்திருக்கும் இயற்கையான கட்டுகளை அறுத்து விடுவித்துவிட்டுச் சுற்றைத் தைத்தார்கள். மற்றக் கட்சிக்கு, அந்தக் கட்டுகளைக் கூடியவரை தொடாமலே தைத்தார்கள். முதல் கட்சியில் நூற்றுக்கு 30 குழந்தைகளுக்குச் சுற்று மார்புக்குள் ஏறிவிட்டது. மற்றக் கட்சியில் 7.8 தான். மறு ரண சிகிச்சை தேவைப்பட்டது முன்னதில் நூற்றுக்கு 18.4, பின்னதில் 3.3.

"உள்ளே துணி விட்டிருந்தா பிழைச்சோம்" என்று பெரியவர் சொன்னது இதுதான். இயற்கை கொடுத்த கட்டை ஒரு தடவை அறுத்துவிட்டால், இரண்டாம் தடவை அதைத் தேடினாலும் கிடைக்காது. எனவே மறு சிகிச்சையின் பலனில் ஒரு பங்கு, முதல் சிகிச்சை நடந்த மேஜையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

* * *

சரி, மறு சிகிச்சையினால் என்ன பலன் கிடைக்கிறது? அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள், மறு சிகிச்சை பெற்ற 130 குழந்தைகளின் விவரத்தை 1997-ல் வெளியிட்டார்கள். அதற்குப் பின் வேறு பல இடங்களிலிருந்தும் விவரங்கள் வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து சில உண்மைகள் தெளிவாகின்றன.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். தகுந்த காரணத்துக்காக, அனுபவமுள்ள கைகளால் செய்யப்பட்ட மறு சிகிச்சையினால் பல குழந்தைகள் குணமடைகிறார்கள். இரண்டாம் தடவை என்றாலே வீண் என்று மனம் உடைந்துபோக வேண்டியதில்லை.

ஆனால் முதல் சிகிச்சையைக் காட்டிலும் இது தோற்பதற்கு இடம் அதிகம். மூன்றாவது, நாலாவது என்று போகப்போக நம்பிக்கை குறைகிறது. வேலையும் கடினமாகிறது. முதல் சிகிச்சையின் தழும்பினால் இரைப்பையும் ஈரலும் உதரவிதானமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது உணவுக் குழாயிலோ இரைப்பையிலோ ஓட்டை விழலாம். இரைப்பைக்குப் போகும் நரம்பு சேதமடைந்தால், உணவு கீழே இறங்காமல் தங்கிவிடும். அல்லது ஒரேயடியாகக் குடலுக்குள் பாய்ந்து, குழந்தைக்கு வியர்த்து மயக்கம் உண்டாகும்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஊரில் வெற்றி அதிகம் என்பார்கள், இன்னோர் ஊரில் குறைவு என்பார்கள். காரணம், "வெற்றி" என்பதற்கு ஆளுக்கொரு அளவுகோல்! எக்ஸ்ரே படத்தில் சுற்று இருந்த இடத்தில் இருந்தால் ஒருவருக்கு வெற்றி. மருந்தை நிறுத்த முடிந்தால் இன்னொருவருக்கு. மூன்றாம் தடவை கத்தி எடுக்காமலிருந்தால் வேறொருவருக்கு. ஆறு மாதம் கவனித்தவர் கணக்கும் ஆறு வருஷம் கவனித்தவர் கணக்கும் எப்படி ஒன்றாகும்? ஆகவே, நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொன்னால், "எதிலே வெற்றி? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

* * *

மறு சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்திடும் முன்பு, பெற்றோர்கள் டாக்டரிடம் பணிவாகவும் கூசாமலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. நல்ல டாக்டர் இவற்றுக்காகக் கோபிக்க மாட்டார்.

முதல் கேள்வி: பழைய சுற்று இப்போது எங்கே இருக்கிறது? பேரியம் என்னும் வெண்மையான மருந்தைக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தும், உள்நோக்குக் குழாயை விட்டுப் பார்த்தும் இதை அறியலாம். சுற்று சரியாகவே இருந்தால், சாத்தியிருக்கிற கதவை மறுபடியும் சாத்துவதில் என்ன லாபம்?

இரண்டாவது: மேலே வருவது இரைப்பையில் உள்ளதுதானா? மெல்லிய கம்பி ஒன்றை மூக்கு வழியாக உணவுக் குழாயில் வைத்து, ஒரு நாள் முழுவதும் அளந்து பார்க்கும் சோதனை இருக்கிறது. விழுங்கத் தெரியாத குழந்தைக்குத் தன் எச்சிலே மூச்சுக் குழலுக்குள் இறங்கி நிமோனியா வருவதுண்டு. மேலிருந்து இறங்குவதற்குக் கீழே போட்ட தையல் எப்படித் தடையாகும்?

மூன்றாவது: ஓங்கரிப்பு எதனால் வருகிறது? சுற்றுப் போட்ட குழந்தை எளிதில் ஏப்பம் விட முடியாது, வயிறு உப்பும், உப்பினால் ஓங்கரிக்கும். பாலை வேகமாகச் செலுத்தினாலும் ஓங்கரிக்கும். மலச்சிக்கலும், இரைப்பை காலியாவதில் தாமதமும், பசும்பால் ஒவ்வாமையும் காரணமாகலாம். இவற்றைச் சீர்படுத்தாமல் புதுத் தையல் போட்டால், அதுவும் பழைய தையலின் வழியே போகும்.

நாலாவது: வேறு வழி உண்டா? இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கே குழாயை நீட்டி, பாலை மெள்ள மெள்ளச் செலுத்தும் முறை ஒன்று இருக்கிறது. குழாய் நழுவினால் ஆஸ்பத்திரிக்குப் போய் மாற்ற வேண்டிய தொல்லை உண்டு. ஆனாலும் சில குழந்தைகளுக்கு அதுவே ஏற்றது. இங்கிலாந்தில் பியான்கி என்ற டாக்டர் 1997-ல், மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக, உணவுக் குழாயை இரைப்பையிலிருந்தே பிரித்துச் சிறுகுடலில் இணைக்கும் பெரிய சிகிச்சையைச் சொன்னார். எல்லா வழியும் அடைபட்டவர்களுக்கு அது ஒரு கடைசி வழி.

ஐந்தாவது கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்வது: பழைய ஆபரேஷனின் குறிப்பு நம்மிடம் இருக்கிறதா? என்ன விதமான சுற்று, துவாரத்தைத் தைத்தார்களா, எந்தக் கட்டை அறுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகைகளைப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறோம். இந்தக் காகிதத்தை மருந்துக் கடைப் பையோடு எறிந்துவிடுகிறோம்!

ஆனால் கேள்வி கேட்பது நாளைக் கடத்துவதற்கு அல்ல. சுற்று மார்புக்குள் ஏறி, பால் நுரையீரலுக்குள் போய், நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறதென்று நிச்சயமானால் தாமதம் ஆகாது. ஒவ்வொரு காய்ச்சலும் நுரையீரலில் ஒரு வடுவை விட்டுச் செல்லக்கூடும். விசாரிக்க வேண்டியதை விரைவில் விசாரித்து, செய்ய வேண்டியதைச் செய்துகொள்ள வேண்டும். வானகரத்தாருக்கு எழும்பூரில் உள்ள அரசாங்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி தூரமில்லை. அதே நெடுஞ்சாலைதான் கொண்டுபோய் விடுகிறது. பல வகை ஊனமுற்றோருக்காக முட்டுக்காட்டில் 2005-ல் ஏற்பட்ட மத்திய அரசாங்க ஸ்தாபனமும் இருக்கிறது. இத்தகைய குழந்தைகளை வளர்க்கும் முறைகளை அங்கே கேட்டறியலாம்.

* * *

நிற்க. நம்முடைய தையற்காரர் வீட்டுக் கதையை முடிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். குழந்தையின் தாய் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். சோதனையில் சுற்று மார்புக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு வேலை அவசரத்தில், அரை மணி நேரத்தில் போக வேண்டிய பாலை ஐந்து நிமிஷத்தில் செலுத்தி வந்திருக்கிறார்கள். பாலை மெள்ளச் செலுத்தவும், குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றவும் ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுத்தார்கள். ரண சிகிச்சைக்கு முன்பே ஓங்கரிப்புப் பாதி குறைந்தது. புரட்டாசியில் மறு சிகிச்சை நடந்தது. மூன்று மணி நேரம் என்று சொன்னது ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பெரியவர் இன்னும் பேசுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போயிற்று. இந்தத் தடவை நிமோனியா வரவில்லை. எப்போதாவது ஓங்கரிப்பு வருகிறது. வயிற்றுக் குழாய் இருக்கத்தான் இருக்கிறது. கழுத்து நிற்கவில்லை, அது எந்தத் தையலாலும் நிற்கப்போவதுமில்லை. "இதுவும் நழுவலாம், நழுவாமலும் இருக்கலாம். பார்த்துக்கொண்டே இருப்போம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறைக்காமல் சொன்னாரே, அவருக்கு நம் வந்தனம்.

சென்ற வாரம் நாம் போயிருந்தபோது, "எப்படியிருக்கிறான் பையன்?" என்று பாட்டியம்மாளைக் கேட்டோம்.

"ராத்திரி முழுக்கத் தூங்கினான். அவன் அம்மாவும் தூங்கினா" என்றார்.

மறு சிகிச்சையின் பலனை அளக்க வைத்திய சாஸ்திரத்தில் எத்தனையோ அளவுகோல்கள் இருக்கின்றன என்று மேலே சொன்னோம். பாட்டியம்மாள் சொன்ன அளவுகோலையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.